பில் ஸ்னைடர்: கான்சாஸ் ஸ்டேட்டில் 27 சீசன்கள்

1988 கடைசியில் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியானது. புத்தியுள்ள யாரும் அந்த வேலைக்கு ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள். 1896-இல் ஆடத் தொடங்கிய அந்த அணி அதுவரை ஜெயித்தது 299, தோற்றது 510, சமன் 41. அமெரிக்காவின் முதல்நிலைக் கல்லூரி அணிகளில் 500 தோல்விகளை முதலில் எட்டியதும் அதுவே. கடைசி 27 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. 1987-இல் அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான கான்சாஸ் பல்கலைக்கழகத்துடன் 17–17 என்று சமன் செய்த ஒரு ஆட்டம் மட்டும் தோல்விக் கணக்கில் சேராமல் தப்பியது. நல்ல சீசன் ஆடிய அணிகளைக் கூப்பிட்டு ஆண்டு முடிவில் நடத்தும் 'பௌல்' ஆட்டத்துக்கு அவர்கள் போனது ஒரே முறை, 1982-இல். அதிலும் தோற்றுத் திரும்பினார்கள்.

இங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி மாணவர்கள் ஆடுகிறார்கள் என்பதால் சின்ன விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பது ஆளுநரின் பெயரல்ல, மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் பயிற்சியாளர் பெயர். அணி ஜெயித்தால் நன்கொடை கொட்டும், மாணவர் சேர்க்கை கூடும். தோற்றுக்கொண்டே இருந்தால், 'இந்த லீக்கில் இவர்கள் எதற்கு?' என்ற கேள்வி எழும். நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, கொலராடோ போன்ற பலசாலிகள் இருந்த 'பிக் எய்ட்' லீக்கில் கான்சாஸ் ஸ்டேட்டைப் பற்றி அந்தக் கேள்வி எழத் தொடங்கியிருந்தது. பல்கலைக்கழகத் தலைவர் ஜான் வேஃபால்டுக்கு இது மானப் பிரச்சினையாக மட்டும் இல்லை. லீக்கைவிட்டு வெளியேற வேண்டி வந்தால் கைவிட்டுப் போகும் வருமானம் பெரிது.

அவரும் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் மில்லரும் தேடிப் பிடித்தவர் 49 வயது பில் ஸ்னைடர். அதுவரை எந்தக் கல்லூரி ஃபுட்பால் அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவரில்லை.

1939-இல் பிறந்து மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசஃப் நகரில் தாயின் தனி உழைப்பில் வளர்ந்தவர் அவர். வில்லியம் ஜுவல் என்ற சிறு கல்லூரியில் பட்டம் பெற்றார். கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்சி தந்தார். டெக்சஸில் ஆஸ்டின் கல்லூரியில் ஃபுட்பால் உதவியாளர் வேலையோடு நீச்சல் அணியையும் பார்த்துக்கொண்டார். திருப்பம் 1976-இல் வந்தது. நார்த் டெக்சஸ் ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரை அவரைச் சேர்த்துக்கொண்டார். 1979-இல் ஃப்ரை ஐயோவாவுக்குப் போனபோது ஸ்னைடரும் கூடவே போய், பத்து ஆண்டுகள் அங்கே தாக்குதல் ஆட்டத்தை வடிவமைத்தார். அவர் கையில் வளர்ந்த, தாக்குதலை முன்னின்று நடத்தும் குவார்ட்டர்பேக் சக் லாங், 1985-இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை போ ஜாக்சனிடம் மயிரிழையில் தவறவிட்டார். ஃப்ரையின் அந்த உதவியாளர் அறையிலிருந்து பின்னாளில் பேரி ஆல்வரெஸ், கர்க் ஃபெரென்ட்ஸ், பாப் ஸ்டூப்ஸ் என்று வரிசையாகப் பெரிய பயிற்சியாளர்கள் வந்தார்கள். ஐயோவாவும் நெடுங்காலம் தோற்றுக் கிடந்த அணிதான். எழுந்து நிற்காத ஒன்றை எழுப்புவது எப்படி என்று ஸ்னைடர் பத்து ஆண்டுகள் உடனிருந்து பார்த்திருந்தார். கான்சாஸ் ஸ்டேட் அவரைத் தேர்ந்ததில் இருந்த கணக்கு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதவியேற்றபோது அவர் சொன்னதன் சாரம்: கல்லூரி ஃபுட்பால் வரலாற்றின் மிகப் பெரிய திருப்பத்துக்கான வாய்ப்பு இங்கே இருக்கிறது. கேட்டவர்கள் மரியாதைக்காகக் கைதட்டியிருப்பார்கள்.

மூன்று வழிகள்

1989 சீசனின் கணக்கு ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. அந்த ஒன்று செப்டம்பர் 30-இல், நார்த் டெக்சஸுக்கு எதிராக. நேரம் முடியும் தறுவாயில், கடைசி நகர்வில், கார்ல் ஸ்ட்ரா வீசிய பந்தை ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் எல்லைக்குள் பிடித்தார், 20–17. முப்பது ஆட்டங்களாக ஜெயிக்காத அணி ஜெயித்தது. ரசிகர்கள் களத்தில் இறங்கிக் கோல் கம்பங்களைச் சாய்த்தார்கள். எதிராளி ஸ்னைடர் முன்பு வேலை பார்த்த அதே நார்த் டெக்சஸ் என்பது தற்செயல்.

அதன் பிறகு, வெற்றி–தோல்வி என்ற கணக்கில், 5–6, 7–4, மறுபடி 5–6. 1993-இல் 9–2–1, கடைசி எண் சமன். காப்பர் பௌலில் வயோமிங்கை 52–17 என்று நொறுக்கியது பல்கலைக்கழக வரலாற்றின் முதல் பௌல் வெற்றி. அங்கிருந்து தொடர்ந்து 11 ஆண்டுகள் பௌல் ஆட்டம்.

எப்படி என்பதற்குப் பலரும் சொல்லும் பதில் 'உழைப்பு'. அவர் உழைத்தார், சந்தேகமில்லை. நள்ளிரவுவரை அலுவலகத்தில் இருப்பார். நேரம் வீணாகிறது என்று நாளுக்கு ஒரே வேளை, அதுவும் ராத்திரியில், சாப்பிடுவார். வீரர்களுக்கு 16 இலக்குகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு: சுயநலமின்மை, தவறுகளைக் களைவது, ஒவ்வொரு நாளும் முன்னேறுவது, இப்படி. ஆனால் அமெரிக்காவில் உழைக்காத ஃபுட்பால் பயிற்சியாளர் யார்? அவரை வேறுபடுத்தியவை, மற்றவர்கள் ஏளனமாகப் பார்த்த மூன்று வழிகள்.

முதலாவது ஆள் சேர்ப்பு. உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் சிறந்த வீரர்கள் கான்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் என்ற சிறு நகருக்கு வர மாட்டார்கள். (நியூயார்க்கில் இருப்பது வேறு மன்ஹாட்டன், இதைச் சுற்றி இருப்பது புல்வெளிக் குன்றுகள்.) ஆனால் கான்சாஸ் முழுக்க ஃபுட்பாலில் வலுவான ஈராண்டு ஜூனியர் கல்லூரிகள் இருக்கின்றன: கோஃபிவில், பட்லர், ஹட்சின்சன், கார்டன் சிட்டி, டாட்ஜ் சிட்டி. மதிப்பெண் போதாதவர்கள், உயரம் போதாதவர்கள், முதல் இடத்தில் ஒத்துவராதவர்கள் அங்கே ஆடுவார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் அவர்களை அவசரத்துக்கு மட்டும் எடுக்கும். ஸ்னைடர் அவர்களை அணியின் முதுகெலும்பாக்கினார். கூடவே ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் வந்து சேரும் 'வாக்-ஆன்' வீரர்கள். பின்னாளில் கிரீன் பே தொழில்முறை அணியின் நட்சத்திரமான ஜோர்டி நெல்சன் அப்படி வந்தவர்தான்.

இரண்டாவது ஆட்ட அட்டவணை. லீக்குக்கு வெளியே யாரோடு ஆடுவது என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யலாம். ஸ்னைடர் எளிதில் தோற்கும் அணிகளைத் தேடி நிரப்பினார். 1998-இல் இண்டியானா ஸ்டேட் 66–0, நார்தர்ன் இல்லினாய் 73–7, நார்த்ஈஸ்ட் லூசியானா 62–7. தேசியப் பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் பக்கமிருந்து பார்த்தால் கேலிக்கு இடமில்லை. தோற்றுப் பழகிய 20 வயதுப் பையனுக்கு ஜெயிப்பது எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். மூன்று சுலப வெற்றிகளோடு லீக்கில் மூன்று ஜெயித்தாலே 11 ஆட்டச் சீசனில் பாதிக்கு மேல் வந்துவிடும்.

மூன்றாவதைத்தான் ஃபுட்பால் அறிந்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். வழக்கமான ஓட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி ஓட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். பந்து வைத்திருப்பவரால் யாரையும் மறிக்க முடியாது. மறிப்பதற்கு மிஞ்சுவது 9 பேர். எதிரில் 11 தடுப்பாட்டக்காரர்கள். எப்படிப் பங்கு போட்டாலும் இரண்டு பேர் மறிக்கப்படாமல் நிற்பார்கள். குவார்ட்டர்பேக்கே பந்தோடு ஓடினால்? ஓட்டக்காரர் மறிப்பவராகிவிடுகிறார், 10 பேர் மறிக்கலாம். மறிக்கப்படாமல் நிற்பவர் ஒருவர்தான், அவரையும் குவார்ட்டர்பேக் ஏமாற்றித் தாண்டினால் முன்னால் திறந்த மைதானம். இன்று கல்லூரி அணிகள் பலவும் இதைச் செய்கின்றன. 1990-களில் குவார்ட்டர்பேக்கை இப்படி நாள் முழுக்க ஓடவிட்டு அடி வாங்க வைப்பதைப் பெரும்பாலானோர் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தார்கள். வேகமும் உடல் பலமும் இருந்து, வீச்சு மட்டும் சுமாராக உள்ள குவார்ட்டர்பேக்கைப் பெரிய பல்கலைக்கழகங்கள் வேறு இடத்துக்கு மாற்றிவிடும். ஸ்னைடர் அவரை அதே இடத்தில் வைத்துக்கொண்டார். மைக்கேல் பிஷப், ஜோனதன் பீஸ்லி, எல் ராபர்சன், பின்னர் காலின் க்ளைன் எல்லோரும் அந்த வார்ப்பு.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே புத்திதான் தெரிகிறது. சந்தையில் பிறர் விலை குறைத்து மதிப்பிட்டதை வாங்குவது. ஓக்லஹோமாவோடு ஓக்லஹோமாவின் வழியில் போட்டியிட அவர் ஒருபோதும் முயலவில்லை.

1998 டிசம்பர் 5

அந்த சீசனில் வழிகள் அனைத்தும் ஒன்றுகூடின. டெக்சஸின் பிளின் ஜூனியர் கல்லூரிக்கு இரண்டு தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்துவிட்டு வந்த பிஷப் குவார்ட்டர்பேக். நவம்பர் 14-இல் நெப்ராஸ்காவை 40–30 என்று வென்றார்கள். 1968-க்குப் பிறகு நெப்ராஸ்காவுக்கு எதிராக முதல் வெற்றி, இடையில் 29 தொடர் தோல்விகள். சீசன் 11–0. பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் தரவரிசையில் முதலிடம். பத்தாண்டு முன்பு நாட்டிலேயே கடைசி.

செயின்ட் லூயிஸில், பிக் எய்ட்டின் இடத்தில் வந்த 'பிக் 12' லீக்கின் இறுதி ஆட்டம், எதிரில் டெக்சஸ் ஏ அண்ட் எம். நான்காவது கால்பகுதியில் கான்சாஸ் ஸ்டேட் 27–12 என்று முன்னிலை. அதே நாளில், தேசிய இறுதி இடத்துக்குப் போட்டியாக இருந்த யுசிஎல்ஏ, மயாமியிடம் 49–45 என்று தோற்றது. அதாவது இந்த ஆட்டத்தை முடித்தால் தேசிய இறுதிக்கு நேரே வழி. பிறகு பிஷப் கையிலிருந்து பந்து நழுவியது. ஏ அண்ட் எம் சமன் செய்தது. கூடுதல் நேரம், இரண்டாவது கூடுதல் நேரம். 17 யார்டு தேவைப்பட்ட மூன்றாவது முயற்சியில், ஏ அண்ட் எம்மின் சிர் பார்க்கர் பந்தைப் பிடித்து 32 யார்டு ஓடி எல்லைக் கோட்டின் மூலையைத் தொட்டார். 36–33.

தோல்வியைவிடக் கசப்பானது அடுத்து நடந்தது. தேசிய இறுதிக்கும் பெரிய பௌல்களுக்கும் அணிகளைத் தேரும் பிசிஎஸ் என்ற புதிய முறைக்கு அது முதல் ஆண்டு. கான்சாஸ் ஸ்டேட் அதில் மூன்றாம் இடம். நான்காம் இடத்து ஒஹையோ ஸ்டேட்டை ஒரு பெரிய பௌல் கூப்பிட்டது, எட்டாம் இடத்து ஃபுளோரிடாவை இன்னொன்று. மூன்றாம் இடத்தை யாரும் கூப்பிடவில்லை. பௌல் நடத்துபவர்களுக்கு வேண்டியது டிக்கெட் விற்பனையும் தொலைக்காட்சிப் பார்வையாளர்களும். சிறு நகரத்துப் புதுப் பணக்காரர் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். காட்டன், ஹாலிடே பௌல்களும் கைவிட, கடைசியில் ஆலமோ பௌல். அங்கே பர்டூவிடம் 37–34 தோல்வி. மறு ஆண்டு விதி திருத்தப்பட்டு, மூன்றாம் இடத்து அணிக்கு இடம் உறுதியானது. அதை இன்றும் 'கான்சாஸ் ஸ்டேட் விதி' என்கிறார்கள்.

அநியாயம்தான். ஆனாலும் 73–7, 66–0 என்ற ஸ்கோர்கள் அந்த அணிக்கு உதவியிருக்குமா? கீழேயிருந்து ஏறுவதற்காகப் போட்ட அட்டவணை, உச்சியில் நின்றபோது 'யாரைத்தான் ஜெயித்தார்கள்?' என்ற கேள்வியை எதிராளிகள் கையில் கொடுத்தது. ஸ்னைடர் ஆதரவாளர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

கொஞ்சம் கணக்குத் தீர்ந்தது 2003-இல். கான்சாஸ் சிட்டியில் லீக் இறுதி, தோல்வியே காணாமல் வந்த முதலிட ஓக்லஹோமா, அதன் பயிற்சியாளர் ஸ்னைடரிடம் தொழில் பழகிய பாப் ஸ்டூப்ஸ். 35–7. ஐந்தடி ஆறங்குல டேரன் ஸ்ப்ரோல்ஸ் 235 யார்டு ஓடினார். 1934-க்குப் பிறகு கான்சாஸ் ஸ்டேட்டின் முதல் லீக் பட்டம்.

போனதும் திரும்பியதும்

பிறகு 4–7, 5–6. 2005 நவம்பரில் ஓய்வு அறிவித்தார். அரங்கத்துக்கு அவர் குடும்பத்தின் பெயர் வைத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே, வேலையை விட்ட சூட்டோடு. அடுத்து வந்த ரான் பிரின்ஸ் மூன்று ஆண்டுகளில் 17–20. கவனிக்க வேண்டியது, பிரின்ஸும் ஜூனியர் கல்லூரி வீரர்களை அள்ளிச் சேர்த்தார். பலன் இல்லை. அப்படியானால் ரகசியம் ஜூனியர் கல்லூரியில் இருக்கவில்லை. அங்கே நூறு பேரில் யார் தேறுவார் என்று பிரித்தறிவதில் இருந்தது. அந்த அறிவு ஸ்னைடரின் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஸ்னைடர் எதையும் கைமாற்றித் தராதவர் என்று சொல்லிவிட முடியாது. ஸ்டூப்ஸ் சகோதரர்கள், ஜிம் லெவிட், மார்க் மன்ஜினோ, பிரெண்ட் வெனபிள்ஸ் என்று அவரிடமிருந்து போனவர்கள் வேறு பல்கலைக்கழகங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் சொந்த வீட்டுச் சாவியை யாரிடமும் தரவில்லை. பயிற்சி மூடிய கதவுக்குள். சின்ன முடிவும் அவர் மேசைக்கு வர வேண்டும். அப்படி நடந்த இடத்தில் முதலாளி எழுந்து போனால் கல்லாவில் எது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

2008 நவம்பரில், 69 வயதில், அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். ஓய்விலிருந்து பழைய நாற்காலிக்கு வருபவர்கள் பெரும்பாலும் பேரைக் கெடுத்துக்கொள்வார்கள். இவர் 6–6, 7–6 என்று தொடங்கி 2011-இல் 10 வெற்றி எடுத்தார். பெரும்பாலானவை ஒரு டச்டவுன் (எல்லைக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளிகள்) வித்தியாசத்துக்குள். அந்த ஆண்டு காலின் க்ளைன் ஓடியே 27 டச்டவுன். 2012-இல் பிசிஎஸ் தரவரிசையில் முதலிடம் பிடித்தார்கள்; அதே வாரம் பெய்லரிடம் 52–24 என்று விழுந்தார்கள். ஆனாலும் லீக் பட்டத்தை ஓக்லஹோமாவோடு பகிர்ந்தார்கள், க்ளைன் ஹைஸ்மன் வாக்கில் மூன்றாமிடம். முதல் காலத்தில் 136 வெற்றி, இரண்டாவதில் 79. 2015-இல், வேலையில் இருக்கும்போதே, கல்லூரி ஃபுட்பால் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அப்படி நடப்பது அபூர்வம்.

ஊர் அவரை ஒரு பெரியவராகப் பார்த்தது. காயம்பட்ட எதிரணி வீரர்களுக்கு ஊதா மையில் கைப்படக் கடிதம் எழுதுவார்; ஊதா கான்சாஸ் ஸ்டேட்டின் நிறம். கெவின் லாக்கெட், தம்பி ஏரன், கெவினின் மகன் டைலர் என்று ஒரே குடும்பத்தில் மூன்று பேர் அவரிடம் ஆடினார்கள். தந்தையும் மகனும் ஒரே பயிற்சியாளரிடம் ஆடுவது இந்தத் தொழிலில் எவ்வளவு அரிது என்பது, மூன்று தோல்விக்கு ஒரு பயிற்சியாளரை விரட்டும் ஊர்களுக்குத் தெரியும்.

அதற்காக 2017-ஐ விட்டுவிட முடியாது. அணியைவிட்டு வேறு கல்லூரிக்குப் போக விரும்பிய ஓர் இளம் வீரர் 35 பல்கலைக்கழகங்களின் பெயர் கொடுத்தார். ஒன்றுக்கும் விடுவிக்க மாட்டேன் என்றார் ஸ்னைடர். விஷயம் வெளியே வந்து விமர்சனம் எழுந்ததும், அந்த மாணவரின் ஒழுங்குமீறல் பற்றிய தனிப்பட்ட தகவலைப் பேட்டியில் சொல்லிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார், வீரரையும் விடுவித்தார்கள். கோடிகளில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் எப்போது வேண்டுமானாலும் வேலை மாறலாம், சம்பளமில்லாமல் ஆடும் மாணவர் மாறக் கூடாது என்ற பழைய ஏற்பாடு நொறுங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்னைடர் பழைய பக்கத்தில் நின்றார். கடிதம் எழுதும் கனிவும் இந்தப் பிடிவாதமும் ஒரே ஆளுடையவைதான். 'இவர்கள் என் பொறுப்பு' என்பதை அவர் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொண்டார்.

அதே ஆண்டு தொடக்கத்தில் தொண்டைப் புற்றுநோய் சிகிச்சை; அதையும் தாண்டி அந்த சீசனில் 8–5. 2018-இன் கடைசி ஆட்டத்தில் ஐயோவா ஸ்டேட்டுக்கு எதிராக நான்காவது கால்பகுதியில் 17 புள்ளி முன்னிலை இருந்தும் 42–38 என்று தோற்றார்கள். சீசன் 5–7. டிசம்பர் 2-இல் ஓய்வு. மொத்தம் 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு சமன். அவருக்கு முன் வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்தது 299 என்பதோடு வைத்துப் பார்க்க வேண்டிய எண்.

தனக்குப் பின் மகன் ஷான் ஸ்னைடர் வர வேண்டும் என்பது அவர் மறைக்காத ஆசை. பல்கலைக்கழகம் கேட்கவில்லை. கீழ்நிலை லீக்கில் நார்த் டகோட்டா ஸ்டேட்டுக்கு ஐந்து சீசன்களில் நான்கு தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்த கிறிஸ் க்ளைமனைக் கூட்டிவந்தது. முந்தைய முறை எரிந்த கை என்பதால், இந்த முறை பெரிய இடத்து உதவியாளர் வேண்டாம், ஓர் அணியைத் தானே நடத்திப் பழகியவர் வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அது சரியாகவே போயிற்று. 2022 டிசம்பர் 3-இல், தோல்வி காணாத டிசியூவை (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) கூடுதல் நேரத்தில் 31–28 என்று வென்று கான்சாஸ் ஸ்டேட் மறுபடி பிக் 12 பட்டம் எடுத்தது. அந்த அணியின் தாக்குதல் ஆட்டத்தை நடத்தியவர் காலின் க்ளைன்.